மகளிர்க்கு மறுக்கப்பட்ட தொலைவு

அமெரிக்க நாட்டின் புளோரிடா மாநிலத்தில் ‘வால்ட் டிஸ்னி உலகம்’ என்னும் பெரிய கேளிக்கைப் பூங்கா உள்ளது. அங்கே ஆண்டுதோறும் நடைபெறும் ஓட்டப் பந்தயங்களுள் ஒன்று ‘டிஸ்னி இளவரசி அரை மராத்தான்’ என்பதாகும். பெண்களை முதன்மையாகக் கருதி 2009-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தொடங்கப்பெற்ற இவ்வோட்டம், பின்னர் பிப்ரவரி மாதத்து நிகழ்ச்சியாக நிலைபெற்றது. ஆடவர் ஓடக் கூடாதென்ற தடை இல்லை. ஆயினும் ஓடுவோருள் மிகப் பெரும்பாலோர் மகளிரே. தூரம் 13.1 மைல், அதாவது 21 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. கிழக்கு வெளுக்குமுன்பே ஓட்டம் தொடங்கிவிடுகிறது. தலையில் மின்னும் முடி, இடையில் வண்ணப் பாவாடை, காலில் ஓட்டக் காலணி என்ற கோலத்தில் பெண்கள் திரள் திரளாக ஓடி, சிண்டரெல்லாவின் கோட்டை வாயிலைக் கடந்து செல்கிறார்கள். கதைமாந்தர் வேடமிட்டு வழியில் நிற்போருடன் படம் எடுத்துக்கொள்வதும் உண்டு.

“இது வெறும் பொழுதுபோக்கு, இதில் வரலாறு எங்கே இருக்கிறது?” என்று வாசகர் வினவக் கூடும். வினா நியாயமானதே. ஆனால் இன்று விளையாட்டாக ஓடப்படும் இத்தொலைவு, ஒரு காலத்தில் பெண்ணுடல் தாங்காது என்று கூறி மறுக்கப்பட்ட தொலைவாகும். அம்மறுப்பு எவ்வாறு எழுந்தது, எவ்வாறு வீழ்ந்தது, அவ்வரலாற்றில் நம் பேராக் மாநிலத்துத் தமிழ்ப் பெண்ணொருவர்க்கு உரிய இடம் யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

ஏதென்சு நகரில் ஒரு தாய்

1896-ஆம் ஆண்டில் ஏதென்சு நகரில் முதலாவது நவீன ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்றன. பண்டைக் கிரேக்கக் கதையொன்றை நினைவூட்டும் வகையில், மராத்தான் என்ற ஊரிலிருந்து ஏதென்சு வரை ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஓடும் போட்டி அதில் சேர்க்கப்பட்டது. ஆடவர் மட்டுமே ஓடினர். ஸ்தமாதா ரெவித்தி என்ற ஏழைப் பெண்ணொருத்தி, கைக்குழந்தைக்குத் தாயானவள், தானும் ஓட விரும்பினாள்; அனுமதி கிடைக்கவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் தனியாகவே மராத்தானிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்தில் ஏதென்சை அடைந்தாள். பந்தய அரங்கினுள் நுழைய அவளை விடவில்லை. பெண்ணால் ஓட முடியுமா என்ற வினாவுக்கு அன்றே விடை கிடைத்துவிட்டது, கேட்பாரைத்தான் காணோம்.

ஆம்ஸ்டர்டாமில் பிறந்த பொய்

1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முறையாக 800 மீட்டர் ஓட்டம் வைக்கப்பட்டது. ஜெர்மனியைச் சேர்ந்த லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடிகளில் ஓடி உலகச் சாதனையுடன் முதலிடம் பெற்றார். ஜப்பானியப் பெண்ணாகிய ஹிதோமி கினுவே இரண்டாம் இடம் பெற்று, ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் ஆசியப் பெண்ணானார். முதல் மூவருமே பழைய சாதனையை முறியடித்தனர். இறுதி ஓட்டத்தில் கலந்துகொண்ட ஒன்பதின்மரும் எல்லைக் கோட்டைத் தொட்டனர்.

ஆனால் பத்திரிகைகள் வேறு கதை எழுதின. பெண்கள் மயங்கிச் சரிந்தனர் என்றும், பாதியிலேயே பலர் விலகினர் என்றும் செய்திகள் பரவின. கடுமையாக ஓடியபின் புல்தரையில் சாய்ந்து மூச்சு வாங்குவது ஆடவர்க்கும் இயல்பே. அதை எவரும் நினைத்துப் பார்க்கவில்லை. விளைவு யாது? பெண்களின் 800 மீட்டர் ஓட்டம் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. மீண்டும் அது 1960-இல் ரோம் நகரில்தான் இடம்பெற்றது. இடையில் கழிந்தவை 32 ஆண்டுகள். ஒரு தலைமுறைப் பெண்கள் ஓடாமலே முதுமை எய்திவிட்டனர்.

பால் வெட்டிய கைகள்

அதே 1928-ஆம் ஆண்டில் நம் மாநிலத்து நிலை யாது என்று சற்றே எண்ணிப் பார்ப்போம். 1877-இல் ஹியூ லோ கோலா கங்சாரில் நடுவித்த ரப்பர்க் கன்றுகளின் வழிவந்த மரங்கள் அதற்குள் காடு காடாகப் பரந்துவிட்டன. இருள் பிரியுமுன் எழுந்து பெரட்டுக்கு ஓடி, மேடும் பள்ளமுமான நிரைகளில் நாளொன்றுக்குப் பல நூறு மரங்களைச் சீவி, வெயில் ஏறியபின் மங்குகளிலிருந்து பாலைச் சேர்த்து, நிறைந்த வாளிகளைக் காண்டாவில் சுமந்து வந்தவர்களில் பெண்கள் பெருந்தொகையினர். பிள்ளை பெற்ற சில நாட்களில் வெட்டுக்குத் திரும்பியவர்களும் உண்டு. ‘இவ்வுழைப்பைப் பெண்ணுடல் தாங்காது’ என்று தோட்ட நிர்வாகம் கவலை கொள்ளவில்லை. 1920-களின் இறுதியில் முக்கியமான ரப்பர்ப் பகுதிகளுக்கு விதிக்கப்பட்ட தரக் கூலி, ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பது மட்டும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இங்கே ஒரு முரண்பாடு புலனாகிறது. பிறர் பொருட்டு உழைக்கும்போது பெண்ணின் உடல் வலியது. தன் மகிழ்ச்சிக்காகவோ பெருமைக்காகவோ ஓடும்போது மட்டும் அது மெலிந்துவிடுகிறது! மருத்துவ நூலின் மொழியில் பேசப்பட்ட மறுப்புக்கு அடிப்படை மருத்துவம் அன்று, வழக்கமே என்பதை நம் தோட்டப்புறத்து வாழ்வு தெளிவாகக் காட்டுகிறது.

தாப்பாவிலிருந்து டோக்கியோவுக்கு

ஒலிம்பிக் கதவு சிறிது சிறிதாகவே திறந்தது. 1948-இல் பெண்களுக்கு 200 மீட்டர். 1960-இல் மீண்டும் 800 மீட்டர். 1964-இல் டோக்கியோவில் 400 மீட்டர். இம்மூன்றாவதே நமக்கு நெருக்கமானது. பேராக் மாநிலத்தின் தாப்பாவில் 1943-இல் பிறந்த மயில்வாகனம் இராஜாமணி, ஒலிம்பிக் வரலாற்றில் முதன்முதலாக நடைபெற்ற அந்தப் பெண்கள் 400 மீட்டர் போட்டியில் மலேசியாவின் சார்பில் ஓடினார். 1966-இல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுகளில் அதே தூரத்தில் தங்கப் பதக்கம் வென்றார். அவ்வாண்டு முதன்முறையாக வழங்கப்பட்ட தேசிய விளையாட்டு வீராங்கனை விருதும் அவரையே அடைந்தது. ‘இத்தொலைவு பெண்களுக்கு ஏற்றதா?’ என்று உலகம் ஐயுற்றுக்கொண்டிருந்தபோதே, ஏற்றது என்று ஓடிக் காட்டியோர் வரிசையில் ஒரு தமிழ்ப் பெண் நின்றார் என்பது நம் பள்ளிகளில் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

தனி ஓட்டம் ஏன்?

நெடுந்தொலைவோ அதன்பின்னும் மூடிய கதவாகவே இருந்தது. 1966-இல் பாஸ்டன் மராத்தானில் ஓட விண்ணப்பித்த பாபி கிப் என்ற பெண்ணுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அவர் புதரில் மறைந்திருந்து கூட்டத்துடன் கலந்து ஓடி முடித்தார். மறு ஆண்டு கேத்ரின் சுவிட்சர் தம் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் எழுதிப் பதிவு செய்து, 261 என்ற எண்ணுடன் ஓடினார். பாதையில் பந்தய அதிகாரி ஒருவர் பாய்ந்து அந்த எண்ணைப் பறிக்க முயன்ற காட்சி படமாகி உலகெங்கும் பரவிற்று. 1972-இல்தான் பாஸ்டன் பெண்களை முறைப்படி ஏற்றுக்கொண்டது.

அதே 1972-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நியூயார்க் நகரில் பெண்களுக்கென்றே ஒரு சிற்றோட்டம் நடந்தது. கலந்துகொண்டோர் 78 பேர். அடுத்த ஆண்டு ஜெர்மனியின் வால்டுநீல் என்ற சிற்றூரில், எர்ன்ஸ்ட் வான் ஆக்கன் என்ற மருத்துவரின் முயற்சியால், பெண்கள் மட்டுமே ஓடிய முழு மராத்தான் நடைபெற்றது. 1978 முதல் அட்லாண்டா, வால்டுநீல், இலண்டன் ஆகிய இடங்களில் அனைத்துலகப் பெண்கள் மராத்தான்கள் தொடர்ந்தன. 1979-இல் டோக்கியோவும் தன் பெண்கள் மராத்தானைத் தொடங்கியது. உலகின் பல நாடுகளிலும் ஓடத்தக்க பெண்கள் இருக்கிறார்கள் என்பதற்கு இவையே சான்றுகளாயின. 1981-இல் ஒலிம்பிக் குழு இசைந்தது; 1984 ஆகஸ்டு 5-ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்சில் ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 விநாடிகளில் ஓடி முதல் வாகை சூடினார்.

அன்று நிகழ்ந்த இன்னொன்றும் கருதத்தக்கது. சுவிட்சர்லாந்தின் கேப்ரியேலா ஆண்டர்சன் என்பவர் வெப்பத்தால் தளர்ந்து, தள்ளாடித் தள்ளாடி 37-ஆவதாக வந்து சேர்ந்தார். 1928-இல் பொய்யான மயக்கச் செய்தி ஓட்டத்தையே அழித்தது. 1984-இல் மெய்யான தளர்ச்சியை உலகமே கண்டும் ஓட்டம் அழியவில்லை. பார்த்தோர் அவரை வாழ்த்தினர். மாறியது பெண்ணுடல் அன்று; பார்த்தவர் கண்ணே மாறிற்று.

வணிகமும் விடுதலையும்

நிற்க. டிஸ்னி ஓட்டத்தைக் குறை கூறுவோர் சொல்வதிலும் உண்மை உண்டு. அது வணிகம், நுழைவுக் கட்டணம் எளியோர்க்கு எட்டாதது. இளவரசி என்ற கற்பனையோ, பெண்ணை அழகுப் பொருளாக்கும் பழங்கதையின் எச்சம். ஆனால் வரலாறு காட்டும் விந்தை ஒன்றுண்டு. நியூயார்க்கில் ஓடிய அந்த 78 பெண்களின் ஓட்டத்துக்குப் பொருளுதவி செய்தது பெண்களுக்கான சவர நுரையை விற்ற நிறுவனம். அட்லாண்டா முதல் இலண்டன் வரை நடந்த மராத்தான்களுக்குப் பொருள் தந்ததோ ஏவன் என்ற ஒப்பனைப் பொருள் நிறுவனம். விற்பனைக்காக வந்த பணத்தைப் பெண்கள் தம் உரிமைக்கு வழியாக்கிக்கொண்டனர்.

இளவரசி ஓட்டத்திலும் அவ்வாறு ஒரு பயன் காணலாம். ஒரு மைலை 16 நிமிடத்தில் கடந்தால் போதும் என்பது அதன் விதி. ஏறத்தாழ மூன்றரை மணி நேரத்தில் முடிக்கலாம். இவ்வேகத்தை அளந்துகொண்டு பலூன் ஏந்திய பெண்கள் கடைசியாக வருவார்கள். எனவே விரைந்து நடப்பவர்க்கும், நாற்பது ஐம்பது வயதில் முதன்முறை ஓடத் துணிபவர்க்கும் அங்கே இடம் உண்டு. வெற்றி வீராங்கனையருக்கு 1984 எதைத் தந்ததோ, அதைச் சாதாரணப் பெண்ணுக்கு இத்தகைய ஓட்டங்கள் தருகின்றன. சிங்கப்பூரில் 2006 முதலும் மலேசியாவில் 2013 முதலும் பெண்களுக்கெனப் பெரிய ஓட்டங்கள் நடத்தப்பட்டமை இப்போக்கு நம் பக்கமும் வந்ததைக் காட்டும்.

தமிழாசிரியர்கள் இதனை வகுப்பறைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கோலா கங்சாரின் ரப்பர் மரத்தைப் பற்றிப் பாடம் சொல்லும்போது, அம்மரங்களின் நிரைகளில் நடந்த பாட்டிமாரையும் சொல்லுக. அவர்களை அடுத்துத் தாப்பாவின் இராஜாமணியையும் சொல்லுக. பள்ளி விளையாட்டு விழாவில் பெண் பிள்ளைகளுக்கு நூறு மீட்டரோடு நிறுத்திவிடாமல், நெடுந்தொலைவு ஓட்டத்துக்கும் இடம் வைக்கலாம். ஓட விரும்பும் சிறுமியிடம், “உன்னால் இவ்வளவு தூரம் முடியுமா?” என்று வீட்டார் வினவினால், விடை சொல்ல அவளுக்கு 1896 முதல் வரலாறு துணை நிற்கிறது, அதை அவளுக்குக் கற்பிப்பது நம் கடமை.