இரத்தம் வற்றிய ஆண்டு

கொழும்பின் வடக்கே கடலோடு கலக்கும் களனி கங்கை, 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தபோது, மேற்பகுதிகளில் ஓட்டம் குன்றி, மணல் திட்டுகளுக்கிடையே குட்டை குட்டையாகத் தேங்கிக் கிடந்தது. ஓடும் நீரில் முட்டையும் புழுவும் அடித்துச் செல்லப்படுகிற அனோபிலிஸ் நுளம்பு, அக்குட்டைகளில் தடையின்றிப் பெருகிற்று. அவ்வாண்டின் இறுதியில் கேகாலை, குருநாகல் பக்கங்களில் மூண்ட மலேரியா சுரம், அடுத்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று.

நோயின் சூட்சுமம் இரத்தத்தில் இருந்தது. விரல் நுனியைக் குத்தி எடுத்த ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் படரவிட்டு, உலர்த்திச் சாயமேற்றி, நுண்பெருக்கியின் கீழ் வைத்தால், சிவப்புக்கல் பதித்த நீல மோதிரம்போலச் செங்குருதிக் கலத்தினுள் ஒரு கிருமி தெரியும். இக்கிருமியை 1880இல் அல்ஜீரியாவில் முதன்முதல் கண்டவர் லாவெரான் என்னும் பிரெஞ்சு இராணுவ வைத்தியர். கலத்தின் செந்நிறப் பொருளைத் தின்று வளர்ந்து, கலத்தைப் பிளந்து அது வெளிவரும் வேளையில்தான் நோயாளியின் பற்கள் குளிரால் கிட்டுகின்றன. கிருமி புகாத கலங்களும் உடன் அழிவதாலும், புதிய செங்கலங்கள் உண்டாவது குன்றுவதாலும், சரீரம் வெளிறிச் சோகை பற்றுகிறது. சிதைந்த கலங்களை அகற்றும் மண்ணீரலோ வீங்குகிறது. அதனாலேயே வைத்தியர்கள் கிராமந்தோறும் சென்று, பிள்ளைகளின் இடது விலாவின் கீழ் விரல்களை அழுத்தி, தட்டுப்படும் கட்டியைக் கொண்டு ஊரின் சுரத்தை அளந்தனர்.

வன்னி மக்கள் வழிவழியாக இச்சுரத்தோடு வாழ்ந்து, வீங்கிய மண்ணீரலோடு ஓரளவு எதிர்ப்புச் சக்தியும் பெற்றிருந்தனர். மழைவளம் மிக்க தென்மேற்குக் கிராமத்தவருக்கோ அந்தத் துணை இல்லை. போதாக்குறைக்கு, உலகப் பொருளாதார மந்தத்தால் அவர்களது அடுப்புகளும் முன்னரே அவிந்திருந்தன.

கொயினா கிருமியைக் கொல்லும். போன இரத்தத்தை அது மீட்டுத் தராது. இந்த உண்மையே அக்காலத்து வரலாற்றில் நான் எல்லாவற்றினும் மேலாக மதிப்பது. பம்பாய் ஆலைத் தொழிலாளப் பெண்களின் கர்ப்பகாலச் சோகையை மார்மைற் என்னும் மதுவச் சாறு தீர்ப்பதை லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் வைத்தியர் 1931இல் வெளியிட்டிருந்தார். அதே மார்மைற் இலங்கையிலும் பசியால் மெலிந்த சுரநோயாளிகளுக்கு ஊட்டப்பட்டது. வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் ஏகாதிபத்திய எதிர்ப்புச் சூரியமல் இயக்கத்து இளைஞர்களும் மருந்தோடு உணவையும் சுமந்து சென்றனர். அவர்களுள் ஒருவரும் பின்னாளில் நிதியமைச்சராக அமர்ந்தவருமான என். எம். பெரேராவை, அவர் கையால் பருப்பு வாங்கிய கிராமத்துச் சிங்கள மக்கள் 'பருப்பு மாத்தயா' என்றே அழைத்தனர்.