பெயர் மாறிய நோய்



பொதுக்காலம் 6-ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டில், தொழுநோயாளர் பாளையத்துக்கு வெளியே தனித்து வாழவேண்டும் என்னும் லேவியர் நூல் பகுதி திருப்பலியில் வாசிக்கப்படுகிறது. அதைக் கேட்டுத் தம் முழங்கையை முந்தானையால் மூடிக்கொள்ளும் சகோதரி நம் நடுவிலும் இருக்கலாம். அவருக்கு இருப்பது தொழுநோய் அல்ல. காளாஞ்சகப்படை என்னும் சொரியாசிஸ். இந்தக் குழப்பத்துக்கு நீண்ட வரலாறு உண்டு.

லேவியர் நூலில் உள்ள எபிரேயச் சொல் 'சாராத்'. அது ஒரே நோயின் பெயர் அன்று. துணியிலும் வீட்டுச் சுவரிலும் படரும் பூசணத்தையும் அதே சொல்தான் குறிக்கிறது. கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் அதை 'லெப்ரா' என்றார்கள். கிரேக்க மருத்துவர்களிடம் அச்சொல் செதில் உதிரும் தோல் நோய்களைக் குறித்தது. பிற்காலத்தில் அதுவே தொழுநோய்க்கும் பெயராயிற்று. 1179-இல் மூன்றாம் லாத்தரன் பொதுச்சங்கம் தொழுநோயாளருக்குத் தனி ஆலயமும் கல்லறையும் குருவும் இருக்க வழிசெய்தது. அது அக்கறைதான், ஆனாலும் ஒதுக்கப்பட்டவர்களுள் சொரியாசிஸ் உள்ளவர்களும் இருந்திருப்பார்கள் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

1841-இல்தான் வியன்னா மருத்துவர் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா இரண்டையும் தெளிவாகப் பிரித்தார். 1873-இல் நார்வே மருத்துவர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். சொரியாசிஸுக்கோ கிருமியே காரணம் அன்று. உடலின் எதிர்ப்பு ஆற்றல் தடம் மாறுவதால், ஏறத்தாழ ஒரு மாதத்தில் வளரவேண்டிய தோல் சில நாள்களில் வளர்ந்து செதிலாக உதிர்கிறது. அது தொற்றாது.

தொழுநோய்த் தேமலில் உணர்ச்சி குறையும். சொரியாசிஸில் பெரும்பாலும் அரிப்பு இருக்கும். ஆனால் இதைத் தீர்மானிக்க வேண்டியவர் தோல் மருத்துவர். பக்கத்து வீட்டார் அல்லர். தொழுநோய் கூட்டு மருந்தால் முற்றிலும் குணமாகும். சொரியாசிஸ் விட்டு விட்டு வரும். சிலருக்கு மூட்டுகளையும் தாக்கும். எனவே நீண்டகாலப் பராமரிப்பு தேவை. கடையில் தாமாக வாங்கிய ஸ்டீராய்டு களிம்பைப் பூசுவதும் திடீரென நிறுத்துவதும் நோயைக் கடுமையாக்கலாம். வெட்கத்தால் மருத்துவரிடம் போகாமல் இருப்பவர்களின் துன்பத்தில் நமக்கும் பங்கு உண்டு. அருகில் அமர்ந்தவரின் கையைப் பார்த்து நாமும் சற்று நகர்ந்து உட்கார்ந்திருக்கிறோம் அல்லவா?

மாற்கு நற்செய்தி முதல் அதிகாரத்தில் இயேசு கை நீட்டித் தொட்டபோது அம்மனிதர் இன்னும் குணமாகியிருக்கவில்லை. குணமான பின் அவரைக் குருவிடம் காட்ட அனுப்பினார். ஊர் அவரை மீண்டும் ஏற்கவேண்டும் என்பதற்காக. வரும் ஞாயிறு சமாதானம் பகிரும்போது, அந்தச் சகோதரிக்கும் நாம் தயங்காமல் கை நீட்டுவோம். ஆமென்.