மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே

விழுப்புரத்திலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ ஜி.எஸ்.டி. சாலை வழியே நீங்கள் சென்னைக்குப் பேருந்தில் போயிருப்பீர்கள். பல்லாவரத்தைத் தாண்டியதும் வலப்புறம் இருப்புப்பாதையும் அதற்கப்பால் திரிசூலம் மலையும் தென்படும். இடப்புறம் மீனம்பாக்கம் விமான நிலையம். அதற்கும் பின்னால், சாலையிலிருந்து பார்த்தால் தெரியாதபடி, அடையாறு ஓடுகிறது. மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டதுதான் இந்த நிலையத்தின் வரலாறு.

தென்னாட்டுக்கு விமானத் தபால் வந்தது 1932-ஆம் ஆண்டு அக்டோபரில். கராச்சியிலிருந்து பம்பாய் வரை ஜே. ஆர். டி. டாட்டாவே விமானத்தை ஓட்டிவந்தார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். அது ஒற்றை எஞ்சின் பொருத்திய சிறு விமானம். அதற்குச் சமதளமான ஒரு திடலே போதும். பெரிய விமானங்கள் வந்த பிறகுதான் நீளமான ஓடுபாதை தேவைப்பட்டது.

ஓடுபாதையை நினைத்த திசையில் போட்டுவிட முடியுமா? முடியாது. விமானம் காற்றை எதிர்த்தே ஏறவும் இறங்கவும் வேண்டும். எதிர்க்காற்று இருந்தால், தரையில் குறைந்த வேகத்தில் ஓடினாலே இறக்கைகளுக்குப் போதிய தூக்குவிசை கிடைத்துவிடும். மீனம்பாக்கத்தின் முதன்மை ஓடுபாதையில் ஒரு முனைக்கு 07, மறுமுனைக்கு 25 என்று எண். திசைகாட்டியின் 70 பாகை, 250 பாகை என்பவற்றின் சுருக்கம் இது. தென்மேற்குப் பருவக்காற்றுக்கு ஒரு முனை, வடகிழக்குக் காற்றுக்கும் பிற்பகல் கடற்காற்றுக்கும் மறுமுனை எனப் பயன்படுகிறது. இதன் நீளம் ஏறத்தாழ 3,650 மீட்டர்.

(விழுப்புரத்துக்குத் தெற்கே உளுந்தூர்ப்பேட்டையிலும் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுபாதை ஒன்று உண்டு. போர் முடிந்ததும் அதற்கு வேலையில்லாமல் போயிற்று. பக்கத்தில் பெருநகரம் இல்லாவிட்டால் ஓடுபாதை மட்டும் இருந்து என்ன பயன்?)

முதலில் பயணிகள் கட்டடம் மீனம்பாக்கம் பக்கம் இருந்தது. 1980-களில் திரிசூலம் பக்கம் புதிய கட்டடங்கள் எழுந்தன. உள்நாட்டு முனையம் காமராசர் பெயரையும், பன்னாட்டு முனையம் அண்ணா பெயரையும் பெற்றன. ரயிலில் வரும் நம் ஊர்க்காரர்களுக்கு இது வசதியாயிற்று. தாம்பரத்தில் இறங்கி மின்ரயில் ஏறினால் நான்காவது நிறுத்தம் திரிசூலம். சாலையைக் கடந்தால் விமான நிலையம். மெட்ரோ ரயில் வந்தது 2016-இல்.

குறுக்காகச் செல்லும் இரண்டாவது ஓடுபாதையை நீட்ட வேண்டி வந்தபோதுதான் சிக்கல் எழுந்தது. தென்கிழக்கு முனைக்கு அப்பால் நெடுஞ்சாலை, இருப்புப்பாதை, மலை. வடமேற்கிலோ அடையாறு. பொறியாளர்கள் ஆற்றின் பக்கத்தையே தேர்ந்தெடுத்தனர். ஆற்றின்மேல் பாலம் கட்டி, அதன்மீது ஓடுபாதையைக் கொண்டுசென்றனர்.

கோடையில் பார்த்தால் அடையாறு ஒரு வாய்க்கால் போலத்தான் தோன்றும். ஆனால் அதன் நீர் மேற்கேயுள்ள எண்ணற்ற ஏரிகளின் உபரி நீர். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வெளியேறுவதும் இதில்தான் கலக்கிறது. ஏரிகள் ஒரே நேரத்தில் நிரம்பினால் ஆறு தன் பழைய அகலத்தைக் கேட்கும். 2015 டிசம்பர் 1-ஆம் நாள் இரவு அதுதான் நடந்தது. வெள்ளம் ஓடுபாதையில் ஏற, நிலையம் மூடப்பட்டு, பல நாட்கள் திறக்கப்படவில்லை. அந்நாட்களில் அரக்கோணத்திலுள்ள ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் சென்றன. 2023 டிசம்பர் 4-ஆம் நாள், மிக்ஜாம் புயலின்போது, ஓடுபாதையில் மறுபடியும் தண்ணீர் நின்றது.