அர்ச்சகர் பயிற்சி: படிப்பு முடிந்தது, வேலை எங்கே?

கிரிவலம் போகிறவர்களுக்கு அடி அண்ணாமலை நல்லாவே தெரியும். 14 கிலோமீட்டர் பாதையில், மலைக்குப் பின்பக்கம், ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் இருக்கிற ஊர். இந்த மாதிரிக் கோயில்களில் பூசை பழகுவது எப்படி? அப்பா குருக்கள் என்றால் பையன் கூடவே போய்க் கற்றுக்கொள்வான். வேறு வீட்டுப் பிள்ளைக்கு அந்த வழி கிடையாது. இந்த வழியை அரசு சட்டம் போட்டுத் திறக்கப் பார்த்த கதையைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறோம்.

முதலில் இன்னொரு சட்டம். 1961-ல் தொழிற்பழகுநர் சட்டம் வந்தது. குறிப்பிட்ட தொழில்களில் நிறுவனங்கள் அப்ரண்டிஸ் எடுக்கணும், உதவித்தொகை கொடுக்கணும். ஆனால் பயிற்சி முடிந்தவருக்கு வேலை கொடுப்பது கட்டாயமில்லை என்றும் அதிலேயே எழுதியிருந்தார்கள். இதை மனசுல வச்சுக்கோங்க.

1970-ல் கருவறை நுழைவுக் கிளர்ச்சி நடத்தப்போவதாகப் பெரியார் அறிவித்திருந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் கலைஞர் அரசு அறநிலையச் சட்டத்தைத் திருத்தி, அர்ச்சகர் பதவிக்கு வாரிசுரிமை இல்லை என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1972 மார்ச் 14-ல் சேஷம்மாள் வழக்கில் தீர்ப்பு: திருத்தம் செல்லும், ஆனால் ஆகமப்படி தகுதி உள்ளவரைத்தான் நியமிக்கணும். அதாவது, மகன் என்பதற்காக வேலை இல்லை. ஆனால் வெளியாளுக்கும் கதவு திறக்கவில்லை.

2006-ல் எல்லாச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்று அரசாணை வந்தது. அடுத்த ஆண்டு ஆறு ஊர்களில் பயிற்சிப் பள்ளிகள். மதுரை, பழனி, திருச்செந்தூர், திருவண்ணாமலை ஆகிய நான்கும் சைவம். ஸ்ரீரங்கம், சென்னை திருவல்லிக்கேணி இரண்டும் வைணவம். இருநூறுக்கும் மேற்பட்டோர் படிப்பை முடித்தார்கள். வழக்கு நடந்துகொண்டே இருந்தது. 2015 டிசம்பரில் வந்த தீர்ப்பும் ஆகமத்தையே அளவுகோலாக வைத்தது. சான்றிதழ் கையில், வேலை இல்லை. 2021 ஆகஸ்ட் 14-ல்தான் அவர்களில் 24 பேர் ஒரே நாளில் நியமன ஆணை வாங்கினார்கள். படித்து முடித்துப் பத்து வருஷத்துக்கு மேல்! அதற்குள் எத்தனை பேர் வேறு பிழைப்பு தேடிப் போயிருப்பார்கள், யோசிச்சுப் பாருங்க.

2023-ல் ஸ்ரீரங்கம் பள்ளியில் மூன்று பெண்கள் படிப்பை முடித்தார்கள். அடுத்து ஓர் ஆண்டு கோயில்களில் மூத்த அர்ச்சகர்களிடம் நேரடிப் பயிற்சி என்று ஏற்பாடு. இது சரியான யோசனை என்று நினைக்கிறேன். மந்திரத்தை வகுப்பில் படிக்கலாம். அபிஷேகமும் அலங்காரமும் கை பழகினால்தான் வரும். அதே செப்டம்பரில், ஆகமக் கோயில் நியமனங்களில் இருக்கிற நிலையே தொடரட்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

பயிற்சிப் பள்ளியைத் திறக்க ஓர் அரசாணை போதும். பழக்கிவிட மூத்தவர் மனசு வைக்கணும், முடித்தவருக்கு எந்தத் தேதிக்குள் வேலை என்று விதியும் இருக்கணும். தொழிற்சாலை அப்ரண்டிஸ் பல காலமாகக் கேட்பதும் இந்தக் கடைசி விஷயத்தைத்தான்.