டீவி கேம்

டீவி கேம் என்பது தொலைக்காட்சிப் பெட்டியில் பொருத்தி விளையாடும் மலிவான ஆட்டப் பெட்டிக்கு இலங்கையில் வழங்கும் பொதுப்பெயர். 1990களிலும் 2000களின் முற்பகுதியிலும் ஓட்டமாவடி, வாழைச்சேனை, ஏறாவூர், காத்தான்குடி போன்ற கிழக்கிலங்கை ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. மூடியில் எந்தப் பெயர் அச்சிட்டிருந்தாலும் உள்ளே இருந்த இயந்திரம் பெரும்பாலும் ஒன்றுதான். ஜப்பானின் நிந்தெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று 14,800 யென் விலையில் வெளியிட்ட 'ஃபமிலி கம்ப்யூட்டர்' என்னும் ஃபாமிகொம் பெட்டியின் உரிமம் பெறாத நகல் அது. ஜப்பானில் 'குடும்பக் கணினி' என்று பெயர் வைத்து விற்றதை நம் ஊரில் யாரும் கணினி என்று சொன்னதில்லை.

இந்த நகல்கள் போன இடமெல்லாம் ஒவ்வொரு பெயர் எடுத்தன. ரஷ்யாவில் 1992 இறுதியில் 'டெண்டி' என்ற பெயரில் வந்து, பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. போலந்தில் அது 'பெகாசஸ்'. இந்தியாவில் 'லிட்டில் மாஸ்டர்', 'மீடியா'. தைவானிலிருந்து போன பல நாடுகளில் 'மைக்ரோ ஜீனியஸ்'. அந்த நாடுகளில் விளம்பரமும் முகவரும் இருந்ததால் பெயர் நிலைத்தது. இங்கே பெயர் எதுவும் ஒட்டவில்லை. வகையின் பெயரே பண்டத்தின் பெயராக நின்றுவிட்டது.

வந்த வழி

ஓட்டமாவடி கோறளைப்பற்று மேற்குப் பிரதேசத்தின் முதன்மை ஊர். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் கடைத்தெரு ஊர். வாழைச்சேனைக் களப்பின் குறுக்கே 1924இல் கட்டிய இரும்புப் பாலம் அதன் அடையாளம். 2010இல் புதிய பாலம் திறக்கும்வரை ரயிலும் லொறியும் சைக்கிளும் அந்த ஒற்றைப் பாலத்தையே முறை வைத்துப் பயன்படுத்தின. ரயில் வரும் நேரம் இரு பக்கமும் வாகனங்கள் காத்து நிற்கும்.

இந்த ஊருக்கு டீவி கேம் வருவதற்கு முன்னே டீவி வர வேண்டும். இலங்கையில் ஐ.டி.என். 1979இலும் ரூபவாஹினி 1982இலும் ஒளிபரப்பைத் தொடங்கின. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும், அதே காலத்தில் வளைகுடா நாடுகளுக்கு மக்கள் வேலைக்குப் போகத் தொடங்கியதும் வீடுகளுக்கு டீவி வரத் துணை. சவூதி, குவைத், கட்டார் என்று போனவர்கள் திரும்பும்போது கட்டி வந்த பெட்டியில் பால்மா டின், கோடாலித் தைலம், போர்வை இவற்றோடு ஒரு மின்சாதனமும் இருக்கும். மற்றொரு வழி கொழும்பு: புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் மின்சாமான் கடைகள். போர்க்காலத்து வீதித்தடைகளும் மின்வெட்டுகளும் இருந்தபோதும் இந்த இரண்டு வழியும் அடைபடவில்லை. 1996இல் வரட்சியால் நாடு முழுக்க மணிக்கணக்கில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது, 2001இலும் அப்படியே. ஆட்டத்தின் நிலையைச் சேமித்து வைக்க வழியில்லாத இயந்திரத்துக்கு மின்வெட்டு என்றால் முதலாம் கட்டத்திலிருந்து மீண்டும் தொடங்குவது.

உள்ளே இருந்தது

ஃபாமிகொமின் மூளை, ரிக்கோ நிறுவனம் வார்த்த 2ஏ03 என்ற சில்லு. அதன் உட்கரு, அமெரிக்காவின் மொஸ் டெக்னாலஜி 1975இல் 25 டொலருக்கு விற்று உலகைத் திகைக்க வைத்த 6502 செயலி. ஆப்பிள் 2 கணினியில் இருந்தது இதே 6502. கொமடோர் 64இலும் அட்டாரி 2600இலும் அதன் உடன்பிறப்புகள் இருந்தன. இந்திய அரசு 1984இல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் பள்ளிகளுக்கு வாங்கிய பிபிசி மைக்ரோ கணினியிலும் இதுவே. ஆக, டெல்லிப் பள்ளியொன்றின் கணினி அறையில் பூட்டி வைத்திருந்ததும், ஓட்டமாவடி வீடொன்றில் பாயில் கிடந்து பையன்கள் தட்டியதும் ஒரே மரத்துக் கிளைகள். முன்னதைக் கல்வி என்றார்கள், பின்னதை நேரவிரயம் என்றார்கள். செயலிக்கு அந்த வேறுபாடு தெரியாது.

அதன் வேலை நினைவகம் 2,048 பைட். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் வேண்டும் என்பதால், இக்கட்டுரையின் முதல் இரண்டு பத்திகூட அதில் அடங்காது. படத்துக்கெனத் தனிச் சில்லு உண்டு. அது 256க்கு 240 புள்ளிகள் கொண்ட திரையை 8க்கு 8 புள்ளிச் சதுரங்களாக அடுக்கும். வரைபடங்களும் ஆட்ட அட்டையான கெசட்டிலிருந்தே வர வேண்டும். சாதாரண ஆட்டமொன்றுக்கு அவற்றுக்கான இடம் 8 கிலோபைட், அதாவது 512 சதுரங்கள். 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கிலோபைட். சிக்கனம் எப்படி என்றால், அந்த ஆட்டத்தில் வானத்து வெண்மேகமும் தரையில் நிற்கும் பச்சைப் புதரும் ஒரே வடிவம். நிறம் மட்டும் வேறு. ஆயிரம் தடவை விளையாடியவர்களிலும் பலர் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். ஒரு வரியில் 8 அசையும் உருவங்களுக்கு மேல் காட்ட முடியாது. எதிரிகள் கூடும்போது உருவங்கள் மினுங்கி மறைவது அதனால்தான்; டீவி பழுது என்று பெட்டியைத் தட்டியது வீண்.

நகல் சில்லுகளைப் பெருமளவில் வார்த்தது தைவானின் யுஎம்சி நிறுவனம். அதில் ஒரு நுட்பம் சொல்லத்தக்கது. ஜப்பானில் டீவி நொடிக்கு 60 தடவை படம் வரைந்தது. இலங்கையின் பால் (PAL) ஒளிபரப்பு முறையில் 50 தடவை. நிந்தெண்டோ ஐரோப்பாவுக்கெனச் செய்த பெட்டியில் செயலியின் வேகத்தையும் குறைத்திருந்தது. அதற்கேற்ப ஆட்டங்களையும் திருத்தி வெளியிட வேண்டியிருந்தது. யுஎம்சியின் பால் முறைச் சில்லு அப்படிச் செய்யவில்லை. செயலியை ஜப்பானிய வேகத்துக்கு மிக அருகில் 1.77 மெகாஹேர்ட்ஸில் ஓடவிட்டு, படத்தில் கூடுதலான வரிகளை வெறும் காத்திருப்பாகக் கழித்தது. இதனால் ஜப்பானிய ஆட்டத்தைத் திருத்தாமலே போட்டு ஓட்டலாம். இசையின் சுருதி ஏறக்குறைய மாறாது, தாளம் மட்டும் மந்தமாகும். அத்தகைய பெட்டியில் மாரியோ தோக்கியோ மாரியோவைவிட ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடினான். பிற்காலத்தில் மூலப் பதிப்பைக் கேட்டு 'பாட்டு அவசரமாகப் போகிறதே' என்று நினைத்தவர்களுக்கு இதுதான் விடை. திருட்டு நகல் என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிட முடியாத பொறியியல் இது.

1990களில் செயலி, படச் சில்லு, நினைவகம் எல்லாம் ஒரே சில்லாகச் சுருங்கின. பெட்டி இலேசானது, விலை இறங்கியது, வெளித்தோற்றம் வேடம் கட்டத் தொடங்கியது. சோனியின் பிளேஸ்டேஷன் போலவே வார்த்த 'பொலிஸ்டேஷன்' இதில் பேர்போனது. வட்டத்தட்டுப் போடும் மூடியைத் திறந்தால் அடியில் இருப்பது கெசட் செருகும் பிளவு.

கெசட்

ஆட்ட அட்டையைக் கெசட் என்றே சொன்னார்கள், உள்ளே நாடா எதுவும் இல்லாவிட்டாலும். ஃபாமிகொம் கெசட்டுக்கு 60 முனைகள்; நிந்தெண்டோ அமெரிக்காவில் விற்ற பெட்டியின் கெசட்டுக்கு 72. அமெரிக்கப் பெட்டியில் உரிமமில்லா ஆட்டங்களைத் தடுக்கும் பூட்டுச் சில்லு இருந்தது, ஃபாமிகொமில் இல்லை. நகல் உலகம் பெரும்பாலும் 60 முனை வழியைப் பிடித்தது அதனால்தான்.

ஒரு மஞ்சள் கெசட்டைப் பிரித்தால் உள்ளே பாதிக்கு மேல் வெற்றிடம். சிறிய பச்சைப் பலகை, அதன் நடுவே உளுந்துவடை மாவைச் சொட்டியதுபோல் கறுப்புப் பொட்டு ஒன்றோ இரண்டோ. உறை போடாத சில்லைப் பலகையிலேயே ஒட்டி, முடியைவிட மெல்லிய கம்பிகளால் தைத்து, மேலே பிசின் ஊற்றி மூடிய முறை அது. சில்லின் உறைக்கான செலவு மிச்சம். எண்ணோ தயாரித்தவர் பெயரோ தெரியாது. பழுதானால் எறிய வேண்டியதுதான்.

மேலட்டையில் 64, 168, 9999, 9999999 என்று எண்கள் ஏறிக்கொண்டே போகும். பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண், ஒரு புதுப்பெயர். உண்மையில் இருந்தவை சில ஆட்டங்களே. மீதியெல்லாம் அவையே, வேறு கட்டத்திலிருந்தோ கூடுதல் உயிர்களுடனோ தொடங்குபவை. '168' என்று விற்ற பேர்போன கெசட் ஒன்றில் இருந்தது கொன்ட்ரா மட்டும். திரும்பத் திரும்ப வந்தவை: சூப்பர் மாரியோ, கொன்ட்ரா, சர்க்கஸ் சார்லி, ரோட் ஃபைட்டர், எக்சைட்பைக், அட்வெஞ்சர் ஐலண்ட், டக் ஹண்ட். நம்கோ 1985இல் வெளியிட்ட பேட்டில் சிட்டியைத் திருத்தி யாரோ உலவவிட்ட 'டேங்க் 1990'ம் அதே அளவுக்குப் பரவியது. இருவர் ஒரே பக்கத்தில் நின்று கோட்டையைக் காக்கும் ஆட்டம் என்பதால் காக்காவும் (அண்ணனும்) தம்பியும் சண்டையில்லாமல் விளையாடக்கூடிய சிலவற்றில் அது ஒன்று. தம்பியின் குண்டே கோட்டையில் பட்டு ஆட்டம் முடியும்வரை.

டக் ஹண்டின் துப்பாக்கி எதையும் சுடுவதில்லை, பார்க்கிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் தோன்றும். குழலினுள் இருக்கும் ஒளியுணரி அந்த வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். திரையை வரி வரியாக, தாமதமின்றி வரையும் பழைய குழாய் டீவியை நம்பிய வித்தை அது. தட்டை டீவியில் வாத்து சாகாது.

பழுது

படம் வராவிட்டால் கெசட்டைக் கழற்றி முனைகளில் ஊதுவது உலக வழக்கம். ஊதியதால் பலன் கிடைத்ததைவிட, கழற்றி மறுபடி செருகியதில் முனைகள் உரசியதால் கிடைத்ததே அதிகம். ஊதும் ஈரம் செம்பை அரிக்கும். களப்பும் கடலும் சூழ்ந்த ஊரில் உப்புக்காற்று ஏற்கனவே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. பென்சில் அழிறப்பரால் முனைகளைத் தேய்ப்பதே நல்ல வைத்தியம்.

பெட்டிக்குள் திருத்தக்கூடியவை மிகக் குறைவு, அவை எல்லாம் ரேடியோ திருத்துபவருக்குப் பழக்கமானவை. முதலாவது 7805 என்ற மூன்று கால் சீராக்கி: மின்மாற்றியிலிருந்து வரும் 9 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கி, மீதியை வெப்பமாகக் கக்கும். நெடுநேர ஆட்டத்தில் பெட்டி சூடேறுவது அதனால். துருவம் மாறிய வேறொரு மின்மாற்றியைச் செருகினால் ஆட்டம் அன்றோடு சரி. இரண்டாவது கைப்பிடி. எட்டுப் பொத்தான்களின் நிலையை உள்ளே இருக்கும் சிறு சில்லு வரிசையாக்கி, ஐந்தே கம்பிகள் வழியாக அனுப்புகிறது. ஒரு பொத்தான் மட்டும் வேலை செய்யாவிட்டால் இறப்பரின் அடியில் உள்ள கரிப்பூச்சு தேய்ந்திருக்கிறது. எல்லாம் ஒன்றாகச் செத்தால் கம்பி அறுந்திருக்கிறது, அதுவும் பெரும்பாலும் கைப்பிடியின் கழுத்தில்; இழுத்து விளையாடுபவர்கள் முறிப்பது அங்கேதான்.

விசைப்பலகை வைத்த வகை

நிந்தெண்டோ 1984 ஜூனில் ஹட்சன், ஷார்ப் நிறுவனங்களுடன் சேர்ந்து 'ஃபமிலி பேசிக்' என்ற விசைப்பலகைத் தொகுதியை வெளியிட்டது. டீவி கேமைக் கணினியாக்கும் அந்த எண்ணத்தைப் பெரிதாக்கியவர்கள் சீனர்கள். 1990களில் சுபோர் நிறுவனம் விசைப்பலகையையே உடலாகக் கொண்ட 'கற்றல் இயந்திரம்' விற்றது. ஒரு மாதிரிக்கு இன்டெல் செயலியின் நினைவாக 486 என்று எண் வைத்தது. விளம்பரத்துக்கு ஜாக்கி சானை அழைத்தது. தட்டச்சுப் பயிற்சி, கணக்கு, பேசிக் மொழி ஆகியவை அடங்கிய கெசட் உடன் வரும். அதே வகைப் பெட்டிகள் தெற்காசியாவெங்கும் 'எஜுகேஷனல் கம்ப்யூட்டர்' என்ற பெயரில் விற்றன. எழுதிய நிரலைச் சேமிக்க அவற்றில் பெரும்பாலும் வழி இல்லை. பத்து வரி தட்டி ஓடவிட்டு, மின்சாரம் போனால் மறுபடி தட்ட வேண்டும். 2008இல் டெரெக் லோமாஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் இந்தியச் சந்தையில் இத்தகைய பெட்டியை 12 டொலர் விலையில் கண்டு, இதற்குக் கல்வி ஆட்டங்கள் எழுத 'பிளேபவர்' திட்டத்தைத் தொடங்கினார். பெற்றோரைச் சம்மதிக்க வைக்கும் சாக்கு என்றே இந்த விசைப்பலகைப் பெட்டிகளைப் பலர் கருதுவர். ஆனால் உள்ளே இருந்த பேசிக் உண்மையான பேசிக்.

அந்தப் பெட்டிகளில் தமிழ் இல்லை. ஒரு 8க்கு 8 சதுரத்தில் 'ணை' எழுத முயன்றால் காரணம் புரியும். ஆனால் காரணம் அது மட்டுமல்ல என்பதற்குக் குவைத்தே சாட்சி. முஹம்மது அல்-ஷாரிக்கின் அல்-ஆலமிய்யா நிறுவனம், 1983இல் அறிவிக்கப்பட்ட எம்எஸ்எக்ஸ் என்ற வீட்டுக் கணினித் தரத்தைப் பின்பற்றி, யமாஹாவும் சான்யோவும் செய்த பெட்டிகளில் அரபு எழுத்தை ஏற்றி 'சக்ர்' என்ற பெயரில் வீட்டுக் கணினி விற்றது. சேர்த்தெழுதும் அரபு, 8 பிட் இயந்திரத்தில் ஓடியது. ஆட்டங்களுடன் குர்ஆன் மென்பொருளும் வந்தது. தமிழுக்கு அத்தகைய வீட்டுக் கணினி வாய்க்கவில்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு என்ற தமிழ் மென்பொருள் போன்ற முயற்சிகள் எல்லாம் மேசைக் கணினியை நோக்கியவை.

அதே காலத்து மற்ற இயந்திரங்கள்

இலங்கையில் வீட்டுக் கணினி என்றால் நூல்களில் அகப்படுவது கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் கேப்ரோ 2. 64 கிலோபைட் நினைவகம் கொண்ட, கனமான அந்த 'தூக்கிச் செல்லும்' பெட்டியிலிருந்து 1983-84இல் தொலைபேசி வழியாக, '2010' படத்தை எடுத்துக்கொண்டிருந்த பீட்டர் ஹையம்ஸுடன் அவர் கடிதம் பரிமாறினார். அக்கடிதங்கள் 1985இல் நூலாயின. இந்தியாவில் புனேயின் டெசிபெல்ஸ் நிறுவனம் சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் பிளஸை உரிமம் பெற்று விற்றது. இவை அனைத்தும் வசதியுள்ள சிலருக்கானவை. வாழைச்சேனைக் காகித ஆலைத் தொழிலாளியின் வீட்டுக்கோ வயல் செய்பவரின் வீட்டுக்கோ எட்டக்கூடிய விலையில் இருந்த நிரல் ஓட்டும் இயந்திரம் டீவி கேம். கணினி வரலாறு எழுதுபவர்கள் அதை விளையாட்டுச் சாமான் பகுதியில் போட்டுவிட்டு நகர்வது பிழை.

பின்னாளில்

கணினிக் கடைகளும் உண்மையான பிளேஸ்டேஷனும் பின்னர் கைபேசியும் டீவி கேமைப் பின்தள்ளின. சில்லு மட்டும் சாகவில்லை. இன்று 'சப்' என்ற பெயரில் கிடைக்கும், உள்ளங்கையில் அடங்கி யுஎஸ்பி கம்பியில் சார்ஜ் ஏறும் ஆட்டக் கருவியில் ஓடுவதும் ஃபாமிகொம் நகலே. பக்கவாட்டில் டீவிக்கு இணைக்கும் துளைகூட உண்டு. மூடியில் 400 ஆட்டங்கள் என்று எழுதியிருக்கிறது. எண்ணிப் பார்த்தால் இம்முறை பொய் அவ்வளவு பெரிதில்லை. பலவற்றின் பெயரையும் உடுப்பையும் மட்டுமே மாற்றியிருக்கிறார்கள்.