அதிகாலை 2 மணிக்கு யார் பார்க்கிறாங்க?

நாஸ் பெட்டி, அதாவது வீட்டிலோ ஆபீஸிலோ எல்லாரும் நெட்வொர்க் வழியா பயன்படுத்துற பொது ஸ்டோரேஜ் சர்வர், ஒண்ணு வாங்கினவங்க எல்லாரும் கடைசியா ஒரு வேலை செய்வோம். செட்டிங்ஸுக்குள்ள போய், பேக்கப் என்ற இடத்தில் ‘தினமும், அதிகாலை 2 மணி’ என்று தேர்ந்தெடுத்து, சேவ் அழுத்திவிட்டு, பெட்டியை அலமாரி மேல் வைத்து மறந்துவிடுவோம். அந்த ‘தினமும் 2 மணி’க்குப் பின்னால் நாற்பது வருஷத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கு. இந்த எபிசோடில் அதைத்தான் பேசப்போறேன். அமெரிக்காவில் ஆரம்பித்து, ஆஸ்திரேலியா வழியா, ஜப்பானில் ஒரு பல்கலைக்கழகத்தில் போய் நிற்கும் கதை.

முதலில் இந்த வேலையை மனிதர்கள் செய்தாங்க. 1960கள், 70களின் கம்ப்யூட்டர் சென்டர்களில் ராத்திரி ஷிஃப்டுக்கு ஒரு ஆபரேட்டர் இருப்பார். வட்டமான டேப் சுருளை எடுத்து டிரைவில் மாட்டுவார், வேலையை ஓட்டுவார், முடிந்ததும் கழற்றி லேபிள் ஒட்டி, நோட்டில் எழுதி வைப்பார். போரான வேலைதான், சந்தேகமே இல்லை. ஆனா அந்த அறையில் ஒரு ஜோடி கண் இருந்தது. டேப் பாதியில் நின்றால், டிரைவ் சத்தம் மாறினால், அரைத்தூக்கத்தில் இருந்தாலும் அவர் தலை திரும்பும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க.

1979இல் பெல் லேப்ஸிலிருந்து யூனிக்ஸின் ஏழாவது பதிப்பு வெளிவந்தது. நாம் இன்றும் பயன்படுத்துகிற இரண்டு கருவிகள் அதில் இருந்தன. ஒன்று டார். டேப் ஆர்க்கைவ் என்பதன் சுருக்கம், பேரிலேயே டேப் இருக்கு. இன்னொன்று கிரான். காலம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பேர். கிரான் செய்வது ரொம்ப எளிமையானது. நிமிஷத்துக்கு ஒரு முறை கண் விழிக்கும், ஒரு ஃபைலைப் படிக்கும், இந்த நிமிஷத்துக்கு ஏதாவது வேலை எழுதியிருக்கான்னு பார்க்கும், இருந்தா ஓட்டும், திரும்பத் தூங்கும். நிமிஷம், மணி, தேதி, மாதம், கிழமை என்று ஐந்து கட்டம். இன்னைக்கும் உங்க லினக்ஸ் சர்வரில் அதே ஐந்து கட்டம்தான். 1987இல் பால் விக்ஸி இதைத் திருத்தி எழுதினார். லினக்ஸ் உலகில் பெரும்பாலும் நாம் பார்க்கிற கிரான் அந்தப் பரம்பரையில் வந்தது. ஓட்டிய வேலை ஏதாவது அச்சடித்தால், அதை உரியவருக்கு மெயிலில் அனுப்பிவிடும்.

கிரானை நான் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறவர் மாதிரி நினைத்துக்கொள்வேன். சரியா 9 மணிக்கு அடித்துவிடுவார். வாத்தியார் வகுப்புக்கு வந்தாரா, பாடம் நடந்ததா என்பது அவர் கவலை இல்லை. வேலையை ஆரம்பித்து வைப்பதோடு கிரானின் பொறுப்பும் முடிஞ்சிடுது. ராத்திரி ஷிஃப்ட் ஆபரேட்டரின் கையை மட்டும்தான் கிரான் வாங்கிக்கொண்டது, கண்ணை வாங்கிக்கொள்ளவில்லை. அதற்கு மிச்சம் இருந்தது அந்த மெயில் ஒன்றுதான்.

அடுத்து கான்பெரா. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்று ஒருவர். உங்க விண்டோஸ் லேப்டாப்பில் நாஸ் ஃபோல்டர் தெரியுதே, அதற்குப் பெரும்பாலும் காரணமான சாம்பா மென்பொருளை ஆரம்பித்தவர் இவர்தான். 1996 ஜூனில் பால் மக்கெராஸுடன் சேர்ந்து ஆர்சிங்க்கை வெளியிட்டார். பிரச்சினை இதுதான்: இரண்டு கம்ப்யூட்டர், நடுவில் மெதுவான லைன். இங்கே புதிய ஃபைல், அங்கே அதன் பழைய பிரதி. வித்தியாசத்தை மட்டும் அனுப்பணும். ஆனா இரண்டும் ஒரே இடத்தில் இல்லாதபோது வித்தியாசம் எதுன்னு எப்படித் தெரியும்?

அவர் கண்ட வழி எனக்கு இன்னமும் அழகாத் தெரியுது. பழைய பிரதி இருக்கிற பக்கம் அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு கையெழுத்து போடும். ஒன்று சட்டென்று போடக்கூடிய சின்னது, இன்னொன்று நம்பகமான பெரியது. கையெழுத்துகள் மட்டும் லைனில் போகும். புதிய ஃபைல் இருக்கிற பக்கம், ஒவ்வொரு பைட்டாக நகர்ந்துகொண்டே சின்னக் கையெழுத்தைப் போட்டுப் பார்க்கும். ஒரு பைட் நகரும்போது முழுசாகத் திரும்பக் கணக்குப் போட வேண்டாம், வெளியே போன பைட்டைக் கழித்து உள்ளே வந்ததைச் சேர்த்தால் போதும். பொருந்தினால் மட்டும் பெரிய கையெழுத்தைச் சரிபார்க்கும். 100 பக்க ஆவணத்தின் ஆரம்பத்தில் ஒரு வரி சேர்த்தால், மீதி எல்லாம் ஒரு வரி தள்ளிப்போனாலும், கிட்டத்தட்ட அந்த ஒரு வரிதான் லைனில் போகும்.

இதனால் வந்த மாற்றம் பெரிசு. வாரம் ஒரு முறை முழுப் பிரதி எடுத்துக்கொண்டிருந்த இடங்களில் தினமும், மணிக்கொரு முறைகூட பேக்கப் எடுக்க முடிந்தது. கிரானில் ஒரு வரி, ஆர்சிங்க் ஒரு கட்டளை. இன்னைக்கு நாஸ் பெட்டிகளில் கலர் கலரா பட்டன் வைத்து வரும் பேக்கப் வசதிகள் பலவற்றைத் திறந்து பார்த்தால், உள்ளே இந்த ஜோடிதான் உட்கார்ந்திருக்கும். வேகமும் மலிவும் வந்ததால் எண்ணிக்கை கூடியது. எண்ணிக்கை கூடினால் பார்க்கிறவங்க குறைவாங்க. தினமும் ‘சரி’ என்று வருகிற மெயிலை எத்தனை நாள் திறப்பீங்க?

2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் நடந்ததை நம்ம துறையில் பலரும் கேள்விப்பட்டிருப்பீங்க. ஒரு எஞ்சினியர், துணை டேட்டாபேஸ் சர்வரில் இருக்கிறோம் என்று நினைத்து முதன்மை சர்வரின் ஃபோல்டரை அழித்துவிட்டார். ஓரிரு விநாடியில் நிறுத்தியும் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. சரி, பேக்கப் இருக்கே? 24 மணி நேரத்துக்கு ஒரு முறை எடுக்கும்படி ஷெட்யூல் இருந்தது. போய்ப் பார்த்தால் அந்த இடம் காலி. டேட்டாபேஸ் 9.6 பதிப்பில் ஓடுது, பேக்கப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பு. அதனால் ஒவ்வொரு முறையும் பிழை சொல்லிவிட்டு நின்றிருக்கு. கிரான் தன் கடமைப்படி மெயில் அனுப்பத்தான் செய்தது. அந்த மெயில்களில் அனுப்புநரைச் சரிபார்க்கும் அமைப்பு சரியா இல்லாததால், வாங்கும் பக்கம் நிராகரித்துவிட்டது. மணி அடித்தது, வகுப்பு நடக்கலை, நடக்கலைன்னு எழுதிய கடிதமும் வந்து சேரலை. ஏறக்குறைய ஆறு மணி நேரம் முன்னால் வேறொரு சோதனைக்காகக் கையால் எடுத்த ஒரு ஸ்நாப்ஷாட்தான் அவங்களைக் காப்பாற்றியது. மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையில் காட்டினாங்க, பிறகு முழு விவரத்தையும் எழுதி வெளியிட்டாங்க. அந்த நேர்மை இல்லையென்றால் நமக்கு இதெல்லாம் தெரியவே வந்திருக்காது.

கிட்லாபில் பேக்கப் ஓடவில்லை. கியோட்டோவில் ஓடியது, அதுதான் பிரச்சினை.

கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரோடு இணைந்த பெரிய பகிர்வு ஸ்டோரேஜ் ஒன்று இருந்தது. அதற்கு எச்பிஈ நிறுவனம் எழுதிய பேக்கப் ஸ்கிரிப்ட். பேக்கப் எடுப்பதோடு, 10 நாளைக்கு மேல் பழசான லாக் ஃபைல்களை ஃபைண்ட் கட்டளை வைத்து அழிக்கும் வேலையும் அதற்குள் இருந்தது. வீட்டைப் பெருக்குவது மாதிரி சாதாரண வேலை. அந்த ஸ்கிரிப்டைத் திருத்தினாங்க. தப்பான நோக்கம் எதுவும் இல்லை, படிக்கிறவங்களுக்குப் புரியும்படி மாறிகளின் பேரை மாற்றினாங்க. திருத்திய ஸ்கிரிப்டைப் பழசின் மேலேயே எழுதினாங்க. அந்த நேரத்தில் பழசு ஓடிக்கொண்டிருந்தது.

இங்கே கொஞ்சம் நிதானமாச் சொல்றேன், ஏன்னா நிறைய பேருக்கு இது தெரியாது. பாஷ் ஒரு ஸ்கிரிப்டை முழுசாகப் படித்து மனப்பாடம் செய்துவிட்டு ஓட்டுவதில்லை. கொஞ்சம் படிக்கும், ஓட்டும், விட்ட இடத்திலிருந்து மேலே படிக்கும். நடுவில் அதே ஃபைலுக்குள் வேறு எழுத்துகள் வந்துவிட்டால், அந்தப் புதிய எழுத்துகளைத்தான் பாதியிலிருந்து படிக்கும். சமையல் குறிப்பின் இரண்டாம் பக்கத்துக்குப் போகும்போது யாரோ நோட்டையே மாற்றி வைத்த மாதிரி. புதிய ஸ்கிரிப்டின் மேல்பாதியில்தான் புதிய பேர்களுக்கு மதிப்பு கொடுத்திருக்கும், அந்தப் பாதி ஓடவே இல்லை. கீழ்ப்பாதி அழிக்கும் கட்டளைக்கு வந்தபோது எந்த ஃபோல்டர் என்று சொல்ல வேண்டிய மாறிகள் வெறுமையா இருந்தன. லாக் ஃபோல்டருக்குப் போக வேண்டிய ஃபைண்ட், ஆராய்ச்சியாளர்களின் ஃபைல்கள் இருந்த இடத்துக்குள் போயிருச்சு.

2021 டிசம்பர் 14 மாலை 5:32க்கு ஆரம்பித்தது. டிசம்பர் 16 மதியம் 12:43 வரை ஓடியது. 43 மணி நேரம். அழிந்தது சுமார் 77 டெராபைட், 3 கோடியே 40 லட்சம் ஃபைல்கள். 14 ஆராய்ச்சிக் குழுக்கள் பாதிக்கப்பட்டன, அதில் 4 குழுக்களின் டேட்டாவை பேக்கப்பிலிருந்து மீட்க வழியில்லை என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. எச்பிஈ முழுப் பொறுப்பும் தன்னுடையதே என்று எழுதிக் கொடுத்தது.

எந்த ஃபைல்கள் போச்சு என்பதுதான் எனக்கு மனசில் நிற்கிறது. டிசம்பர் 3க்குப் பிறகு யாரும் மாற்றாதவை. 10 நாள் விதி அப்படியே வேலை செய்திருக்கு. நேற்று பாதி எழுதிய ஃபைல் தப்பித்தது. ஓடி முடிந்து, சரிபார்த்து, இனி மாற்ற வேண்டியதில்லை என்று பத்திரமா வைத்த முடிவுகள் போய்விட்டன. நம்ம வீட்டு நாஸிலும் அப்படித்தானே? கல்யாண ஆல்பம், தாத்தாவின் குரல் பதிவு, வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன். எதையும் பத்து நாளில் யாரும் தொடுவதில்லை.

இனி என் நாஸில் என்ன செய்து வைத்திருக்கேன்னு சுருக்கமா. பேக்கப் எடுக்கிற பெட்டிதான் நாஸுக்கு வந்து இழுத்துக்கொண்டு போகும். அதற்கு நாஸில் படிக்கும் அனுமதி மட்டுமே உண்டு, எழுதவோ அழிக்கவோ முடியாது. ஸ்கிரிப்ட் என்ன உளறினாலும் மூலத்தைத் தொட முடியாது. ஸ்கிரிப்டின் முதல் வரிகளில் செட் மைனஸ் யு இருக்கு. மதிப்பில்லாத மாறி வந்தால் அங்கேயே நின்றுவிடும். திருத்தணும்னா வேறு பேரில் எழுதி, பிறகு எம்வி கொடுத்து மாற்றுவேன். அப்படிச் செய்தால் ஓடிக்கொண்டிருக்கும் பழசு பழைய ஃபைலையே கடைசி வரை படிக்கும்.

மெயிலைத் தலைகீழாக்கிட்டேன். தோற்றால் சொல் என்று கேட்பதில்லை. வெற்றி பெற்றால் வேறொரு சர்வருக்கு ஒரு சின்ன சிக்னல் போகும். 26 மணி நேரம் அந்த சிக்னல் வரலைன்னா அந்த சர்வர் என் போனை அலற வைக்கும். கரண்ட் போனாலும், டிஸ்க் நிறைந்தாலும், கிரானே செத்துப்போனாலும் அலறும். மாதத்தின் முதல் ஞாயிறு ஏதாவது ஒரு பழைய ஃபோல்டரை பேக்கப்பிலிருந்து மீட்டு, திறந்து பார்ப்பேன். போன முறை 2014ஆம் வருஷ காலேஜ் டூர் போட்டோக்கள் வந்தன. ஃபைல் எல்லாம் நல்லா இருக்கு, எங்க ஹேர்ஸ்டைல் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

கியோட்டோ பல்கலைக்கழகம் அப்போதே பேக்கப்பை நிறுத்திவைத்து, ஸ்கிரிப்டைச் சரிசெய்து ஜனவரி கடைசியில் திரும்பத் தொடங்கத் திட்டம் போட்டது. முக்கியமான ஃபைல்களுக்கு வேறு இடத்தில் நீங்களே ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்க என்று பயனர்களையும் கேட்டுக்கொண்டது.