இன்னொரு மூடி

பொட்டிபுரத்தை வெளியுலகம் நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் அறியும். போடியைச் சுற்றிய ஊர்களில் பலருக்குப் பிழைப்பு மேலே மலையில், ஏலக்காட்டில். அங்கே பூச்சிமருந்தின் பயணம் பாட்டில் மூடியில் தொடங்குகிறது.

குயினால்பாஸ் 25 இசி என்றால் லிட்டருக்கு 2 மில்லி. 200 லிட்டர் டிரம்முக்கு 400 மில்லி. இலைப்பேன் தாக்கும் பருவத்தில் மில்லிக் கணக்கு மூடிக் கணக்காகிவிடும். "பத்தாதுப்பா, இன்னொரு மூடி ஊத்து." ஓஸ் வழியே பீய்ச்சும் துளி, தட்டையின் அடியில் தரையோடு சரமாய்க் கிடக்கும் காயில் படிகிறது.

அடுத்து, காயை உலர்த்தும் ஸ்டோர். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ. தண்ணீர் போய்விடும்; ஆவியாகாத மருந்து, சுருங்கிய காயில் முன்னைவிட அடர்ந்து நிற்கும்.

போடி ஏலத்தில் கண் போவது பருமனிலும் பச்சை நிறத்திலும்தான். 8 எம்எம் உண்டா? லிட்டர் எடை எவ்வளவு? ஒரு லிட்டர் அளவில் கொட்டிய காய் 400 கிராமைத் தாண்டினால் விற்பவர் நிமிர்ந்து உட்காருவார். மருந்து கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது.

அவ்வளவு சிறியதை அளக்க நம் பழைய முகத்தலளவை போதாது; படி, உழக்கு, ஆழாக்கு என்று இறங்கிச் செவிடோடு நெல்மணிக்கு வந்துவிடும். 1956 சட்டம் கொண்டுவந்த மெட்ரிக் முறைக்குக் கீழ் எல்லையே இல்லை. மில்லியில் ஆயிரத்தில் ஒன்று மைக்ரோ, அதிலும் ஆயிரத்தில் ஒன்று நானோ. ஆய்வகத்தில் காயைப் பொடித்து, அசிட்டோநைட்ரைலில் குலுக்கி, சுழற்றித் தெளியவைத்து, ஊசியால் கருவிக்குள் செலுத்துவது சில மைக்ரோலிட்டர்தான். 1 மைக்ரோலிட்டர் ஒரு கன மில்லிமீட்டர். நல்ல கடுகு அதைவிடப் பெரிது.

தனி வரம்பு குறிக்காத மருந்துகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். கணக்குப் போட்டால் 100 டன் காய்க்கு 1 கிராம். 25 சதவீத மருந்தானால் பாட்டிலிலிருந்து ஏறக்குறைய 4 மில்லி, அதாவது காட்டில் 2 லிட்டர் தண்ணீருக்குக் கலக்கும் அளவு. மூடியால் அளப்பவரைக் குறை சொல்வது சுலபம். மருந்துக்கடைகள் பாட்டிலோடு ஒரு அளவுக் குவளை கொடுத்துவிட்டு அதைச் சொல்லலாம்.

2023 ஜனவரியில் இந்த ஆய்வக ஊசி சபரிமலை வரை குத்தியது. அங்கே பிரசாதமான அரவணையில் சேர்த்த ஏலக்காயில் மருந்து எச்சம் வரம்பை மீறியதாக ஆய்வறிக்கை வர, கேரள உயர்நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் தேங்கின. 2024 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அதற்குள் அரவணை விற்கும் நிலையில் இல்லை.